இயந்திரம் நின்றால் விமானம் விழுந்து விடுமா?

பறந்து கொண்டிருக்கும் சிறு விமானத்தின் இயந்திரம் திடீரென்று நின்று போனால் என்ன ஆகும்? என் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டேன். "கல்லு மாதிரி விழுந்துடும் சார்!" என்றார்கள். பெரியவர்களில் பலரும் அதையே சொல்வார்கள். உண்மை அதுவன்று.

மேட்டுச் சடக்கில் இறங்கும் சைக்கிளை மிதிக்காமல் விட்டாலும் அது ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? விமானமும் அப்படித்தான். அதைத் தாங்கி நிற்பவை இறக்கைகள்; இயந்திரம் வேகத்தை மட்டுமே கொடுக்கிறது. அது நின்று விட்டால், இருக்கும் உயரத்தைச் செலவழித்து வேகத்தை வாங்கிக் கொள்ள வேண்டும். பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் காணப்படும் செஸ்னா 172 ரக விமானம் ஆயிரம் அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய 9,000 அடி தூரம் சறுக்கிச் சென்று விடும்.

இதில்தான் மனித மனம் குறுக்கே வருகிறது. தரை நெருங்க நெருங்க, விமானியின் கை தானாகவே விமானத்தின் மூக்கை மேலே தூக்கப் பார்க்கும். தூக்கினால் வேகம் குறையும். இறக்கையின் மேல் ஓடும் காற்று பிரிந்து விடும். அப்போதுதான் விமானம் மெய்யாகவே விழும். ஆகவே, பயந்த நேரத்திலும் மூக்கைத் தாழ்த்தியே வைத்திருக்கப் பழக்குகிறார்கள். புறப்பட்டவுடன் இயந்திரம் நின்றால் ஓடுபாதைக்குத் திரும்பாதே, எதிரில் தெரியும் வெட்டவெளியில் இறங்கு என்பதும் அவர்கள் பாடம். திரும்பும்போது உயரம் வெகுவாகக் கரைந்து போகும்.

நம்மில் பலருக்குத் தெரிந்த ஹாலிவுட் நடிகர் ஹாரிசன் ஃபோர்டுக்கு இந்தச் சோதனை வந்தது. 2015 மார்ச் 5ஆம் நாள், தமது 72ஆவது வயதில், 1942இல் செய்யப்பட்ட ரயன் பி.டி.22 என்ற பழைய பயிற்சி விமானத்தில் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா விமான நிலையத்திலிருந்து தனியாகப் புறப்பட்டார். சுமார் 1,100 அடி உயரத்தில் இயந்திரம் வலுவிழந்தது. கட்டுப்பாட்டு நிலையத்துக்குச் சொல்லிவிட்டு, மணிக்கு 85 மைல் வேகத்தை விடாமல் காத்து, இடப்புறமாக நிலையத்தை நோக்கித் திரும்பினார். மீண்டும் இயந்திரத்தை முடுக்கிப் பார்க்க அவர் முயலவில்லை.

ஓடுபாதை எட்டாது என்பது நடுவழியில் தெரிந்து விட்டது. கீழே எங்கும் வீடுகள். நிலையத்தை ஒட்டி ஒரே ஒரு பச்சைத் திடல், பென்மார் கோல்ஃப் மைதானம். எட்டாத ஓடுபாதையை அவர் கைவிட்டார். 65 அடி உயர மரத்தின் உச்சியில் மோதி, விமானம் திடலில் விழுந்தது. அங்கே கோல்ஃப் விளையாடிக் கொண்டிருந்த ஒரு மருத்துவர் ஓடி வந்து உதவினார். ஃபோர்டின் இடுப்பெலும்பும் கணுக்காலும் முறிந்தன. தரையில் இருந்த ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அந்த ஒரு முடிவுக்காகவே அவரைப் பாராட்டலாம்.

காரணம் என்ன தெரியுமா? கார்புரேட்டருக்குள் இருக்கும் சின்னஞ்சிறு ஜெட் தன் மரையிலிருந்து கழன்று போயிருந்தது. பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாய்ந்து இயந்திரத்தை மூச்சுத் திணற வைத்து விட்டது. மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் வாசகர்களுக்கு இது நன்றாகவே புரியும். ஏறத்தாழ 17 ஆண்டுகளுக்கு முன் புதுப்பித்த கார்புரேட்டர் அது. அந்த ஜெட்டை அவ்வப்போது சோதிக்கச் சொல்லும் குறிப்பு பராமரிப்பு நூலிலேயே இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. தோள் வார் பொருத்திய இடமும் உறுதியாக இல்லாததால் காயம் கடுமையாயிற்று.

கார்புரேட்டர் இன்னொரு விதத்திலும் காலை வாரும். நம் நாட்டைப் போன்ற ஈரக்காற்றில், வெயில் காய்கிற நாளிலும் அதற்குள் பனிக்கட்டி பிடிக்கும்! பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே அவ்வளவு குளிர்ந்து விடுகிறது. அதற்கென்றே சூடான காற்றை உள்ளே விடும் பிடி ஒன்றை விமானி அருகில் வைத்திருக்கிறார்கள்.

ஃபோர்டு குணமடைந்து மறுபடியும் பறந்தார். 2017 பிப்ரவரியில் வேறொரு நிலையத்தில், ஓடுபாதை என்று எண்ணி, விமானங்கள் ஊர்ந்து செல்லும் பக்கப் பாதையில் இறங்கி விசாரணைக்கு ஆளானார். அன்று இயந்திரம் நன்றாகத்தான் ஓடியது!