திரும்ப அழைக்கப்படும் மகிழுந்துகள்

நுழையும்முன்

வாங்கிய பொருளில் பழுது இருந்தால், வாங்கியவர் அதனைக் கடைக்குக் கொண்டுசென்று முறையிடுவது உலக வழக்கம். ஆனால், பொருளைச் செய்தவரே முன்வந்து, “எம் பொருளில் பழுது உள்ளது, கொண்டுவாருங்கள், எம் செலவில் சரிசெய்து தருகிறோம்” என்று அறிவிப்பதும் உண்டு. மகிழுந்துத் துறையில் இதனைத் ‘திரும்ப அழைத்தல்’ என்பர். செய்தித்தாள்களில் ‘ரீகால்’ என்ற சொல்லும் வழங்குகிறது. அவ்வாறு இலட்சக்கணக்கான மகிழுந்துகள் ஒரு சிறு உறுப்பின் பழுதினால் திரும்ப அழைக்கப்பட்ட செய்தியை இப்பாடம் விளக்குகிறது.

எரிபொருள் பம்பின் பணி

தில்லி, மும்பை போன்ற நகரங்களில் ‘பெட்ரோல் பம்ப்’ என்றால் பெட்ரோல் விற்கும் நிலையத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டில் அதனைப் ‘பெட்ரோல் பங்க்’ என்பர். இப்பாடத்தில் வரும் எரிபொருள் பம்பு வேறு. அது மகிழுந்தின் உள்ளேயே இருக்கும் ஓர் உறுப்பு.

பெரும்பாலான பெட்ரோல் மகிழுந்துகளில் எரிபொருள் தொட்டி பின்பக்கத்தில் இருக்கும். எஞ்சின் முன்பக்கத்தில் இருக்கும். தொட்டியிலுள்ள பெட்ரோலை அழுத்தத்துடன் எஞ்சினுக்கு அனுப்புவதே பம்பின் பணி. அது தொட்டிக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கியிருக்கும். அதில் ஒரு சிறு மின்மோட்டாரும், அம்மோட்டாரால் சுழலும் நெகிழித் தட்டு ஒன்றும் உண்டு. இத்தட்டினை ‘இம்பெல்லர்’ என்பர். தட்டின் ஓரத்தில் பல்வரிசை போன்ற சிறு இதழ்கள் இருக்கும். தட்டு விரைந்து சுழலும்போது அவ்விதழ்கள் பெட்ரோலைக் குழாய்க்குள் தள்ளும். எஞ்சின் ஓடும் வரை இப்பம்பு ஓய்வின்றி ஓடிக்கொண்டே இருக்கும்.

பழுது நேர்ந்தது எவ்வாறு?

சுழலும் தட்டிற்கும் அதனைச் சூழ்ந்த கூட்டிற்கும் இடையே உள்ள இடைவெளி மிகக் குறுகியது. அவ்விடைவெளி குறுகியிருந்தால்தான் பெட்ரோல் அழுத்தத்துடன் வெளியேறும். தட்டு செய்யப்பட்ட நெகிழி போதிய அடர்த்தியுடன் இருந்தால் பெட்ரோலில் எத்தனை ஆண்டுகள் கிடந்தாலும் அதன் வடிவம் பெரிதும் மாறாது.

ஜப்பானைச் சேர்ந்த டென்சோ நிறுவனம் செய்த பம்புகள் சிலவற்றில் இத்தட்டின் அடர்த்தி குறைவாக அமைந்துவிட்டது. அடர்த்தி குறைந்த நெகிழி, பெட்ரோலைச் சிறிது சிறிதாக உறிஞ்சி உப்பியது. உப்பிய தட்டு கூட்டின் மீது உராய்ந்தது. உராய்வு மிகுந்தபோது பம்பின் வேகம் குறைந்தது. சில பம்புகள் முற்றிலும் நின்றுபோயின.

ஓடும்போது நின்றால்

வீட்டு வாசலில் நிற்கும் மகிழுந்து கிளம்பவில்லை என்றால் அது தொல்லை மட்டுமே. நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும்போது எஞ்சின் நின்றுவிட்டால் அது உயிருக்கே ஆபத்து. பின்னால் வரும் வாகனத்தின் ஓட்டுநர், முன்னால் செல்லும் வண்டி திடீரென வேகம் இழக்கும் என்று எதிர்பார்ப்பதில்லை. மேலும், எஞ்சின் நின்ற பின்னர் பிரேக்கை ஓரிரு முறை மிதித்ததும் அதற்குத் துணைநிற்கும் விசை குறைந்துவிடும், மிதி கடினமாகும்.

2023ஆம் ஆண்டு ஜூலையில் ஜப்பானின் தொத்தோரி பகுதியில், விரைவுச்சாலையில் சென்ற ஒரு மகிழுந்து இப்பழுதினால் நின்றது. பின்னால் வந்த வாகனம் அதன் மீது மோதியது. மகிழுந்தில் இருந்த ஒருவர் உயிரிழந்தார். உள்ளங்கையில் அடங்கும் நெகிழித் தட்டு ஒன்றின் குறைபாடு எத்துணைப் பெரிய விளைவைத் தரும் என்பதனை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

ஓர் உறுப்பு, பல நிறுவனங்கள்

மகிழுந்தின் எல்லா உறுப்புகளையும் ஒரே நிறுவனம் செய்வதில்லை. ஒரு நிறுவனம் செய்யும் பம்பினைப் பல நிறுவனங்கள் வாங்கித் தத்தம் வண்டிகளில் பொருத்துகின்றன. ஆகவே, ஓரிடத்தில் நேர்ந்த பிழை பல நாடுகளின் சாலைகளுக்குப் பரவியது. டொயோட்டா நிறுவனம் 2020ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் ஏறத்தாழ 7 இலட்சம் வண்டிகளை அழைத்தது. ஆராய ஆராய எண்ணிக்கை வளர்ந்தது. அவ்வாண்டு அக்டோபருக்குள் உலக அளவில் அது 58 இலட்சத்தைக் கடந்தது. ஹோண்டா நிறுவனம் 2023ஆம் ஆண்டு இறுதியில் உலகெங்கும் ஏறத்தாழ 45 இலட்சம் வண்டிகளை அழைத்தது.

இந்தியாவில் ஹோண்டா நிறுவனம் பம்பினை மாற்றுவதற்காக 2020ஆம் ஆண்டு ஜூனில் 65,651 வண்டிகளையும், 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் 77,954 வண்டிகளையும், 2024ஆம் ஆண்டு அக்டோபரில் 92,672 வண்டிகளையும் அழைத்தது. கடைசியாகக் கூறிய எண்ணிக்கையில் 2,204 வண்டிகள், முன்னரே இவ்வுறுப்பினை உதிரியாக வாங்கி மாற்றிக்கொண்டவை. பழுது புதிய வண்டிகளில் மட்டுமன்றி உதிரி உறுப்புகளிலும் ஒளிந்திருந்தது. மாருதி சுசூகி நிறுவனமும் எரிபொருள் பம்பில் பழுது இருக்கக்கூடும் என்று கருதி, 2020ஆம் ஆண்டு ஜூலையில் வேகன்-ஆர், பலேனோ வகைகளில் 1,34,885 வண்டிகளை அழைத்தது.

அழைக்கப்பட்ட வண்டிகள் அனைத்தும் பழுதானவை அல்ல. எந்த வண்டியில் பழுது உள்ளது என்று வெளியிலிருந்து அறிய இயலாது. ஆதலால், ஐயத்திற்குரிய காலத்தில் செய்யப்பட்ட எல்லா வண்டிகளையும் அழைக்கின்றனர்.

சட்டம் கூறுவது

2012ஆம் ஆண்டு முதல் இந்திய மகிழுந்து நிறுவனங்கள் தாமே வகுத்துக்கொண்ட நெறிமுறையின்படி வண்டிகளைத் திரும்ப அழைத்துவந்தன. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், பழுதான வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்கியது. இதற்கான விதிகள் 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இவ்விதிகள் ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். ஆணையை ஏற்காத நிறுவனத்திற்கு 10 இலட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

அழைப்பு யாரைச் சேர்கிறது?

அறிவிப்பு வெளியிட்டவுடன் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. வண்டி பணிமனைக்கு வந்து புதிய பம்பு பொருத்தப்பட்ட பின்னரே அது நீங்குகிறது. இதற்குத் தடையாக இருப்பவை இரண்டு.

முதலாவது, “என் வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது!” என்னும் எண்ணம். உப்பிவரும் தட்டு, நிற்கும் நாள் வரை யாதொரு அறிகுறியும் காட்டாமல் இருக்கக்கூடும்.

இரண்டாவது, முகவரி மாற்றம். வண்டியை முதலில் வாங்கியவர் கொடுத்த முகவரியும் தொலைபேசி எண்ணுமே பெரும்பாலும் நிறுவனத்திடம் இருக்கும். வண்டி கைமாறினாலும், குடும்பம் ஊர் மாறினாலும் கடிதம் பழைய வீட்டுக் கதவையே தட்டும். பணிமாற்றத்தால் சென்னையிலிருந்து புனேவுக்கும், புனேவிலிருந்து போபாலுக்கும் செல்லும் குடும்பங்களுக்கு இது முதன்மையான செய்தியாகும்.

ஒரு மாநிலத்தில் பதிவுசெய்த வண்டியை வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெறுதல் வேண்டும். அப்போது எண்பலகை மாறும். ஆனால், வண்டியின் சேசிஸ் எண் ஒருபோதும் மாறாது. எழுத்தும் எண்ணுமாக 17 குறிகள் கொண்ட அவ்வெண், ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றிதழில் அச்சிடப்பட்டிருக்கும். நிறுவனத்தின் இணையதளத்திலோ பணிமனையிலோ அவ்வெண்ணைக் கொடுத்தால், வண்டி திரும்ப அழைக்கப்பட்டுள்ளதா என்பதனை அறியலாம். புதிய பம்பு பொருத்துவதற்குக் கட்டணம் இல்லை. பழைய வண்டியை வாங்குவோர் இதனை முதலிலேயே பார்த்துக்கொள்வது நலம்.

வந்தபின் வருந்துவதைவிட வருமுன் காப்பதே அறிவுடைமை. பிழையை மறைக்காமல் அறிவிப்பது செய்தவர் கடமை. அழைப்பினைத் தேடி அறிந்து வண்டியைக் கொண்டுசெல்வது உடையவர் கடமை. இவ்விரண்டும் சேர்ந்தால்தான் சாலையில் செல்லும் அனைவருக்கும் பாதுகாப்பு உண்டாகும்.

நினைவில் கொள்க

ஓடும் வண்டியில் எஞ்சின் நின்றால்:
1. அபாய விளக்குகளை உடனே எரியவிடுதல் வேண்டும்.
2. வேகம் தணிவதற்குள் வண்டியைச் சாலையின் இடது ஓரத்திற்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.
3. போக்குவரத்து இல்லாத பக்கமாக இறங்கி, சாலையை விட்டு விலகி நிற்றல் வேண்டும்.
4. தேசிய நெடுஞ்சாலையாயின் 1033 என்ற உதவி எண்ணை அழைத்தல் வேண்டும்.

சொல்லும் பொருளும்

மகிழுந்து – கார்
நெகிழி – பிளாஸ்டிக்
உராய்தல் – ஒன்றோடொன்று தேய்தல்
பணிமனை – ஒர்க்‌ஷாப்
உதிரி உறுப்பு – மாற்றிப் பொருத்துவதற்குத் தனியாக விற்கப்படும் பாகம்

மதிப்பீடு

1. வட இந்திய நகரங்களில் ‘பெட்ரோல் பம்ப்’ என்பது எதனைக் குறிக்கும்? தமிழ்நாட்டில் அதற்கு வழங்கும் பெயர் யாது?
2. அடர்த்தி குறைந்த நெகிழித் தட்டு பம்பினை நிறுத்தியது எவ்வாறு? வரிசையாக எழுதுக.
3. பழுதில்லாத வண்டிகளும் திரும்ப அழைக்கப்படுவது ஏன்?
4. பிரித்து எழுதுக: இவ்விரண்டும், அவ்விடைவெளி.
5. பக்கத்து வீட்டார் பழைய மகிழுந்து ஒன்றை வாங்க எண்ணுகிறார். அவர் செய்ய வேண்டுவனவற்றை விளக்கி ஐந்து தொடர்களில் கடிதம் எழுதுக.