விளக்கு எட்டும் தூரம்

திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்களுக்குச் சேகரம் என்றால் ஒரே ஒரு கோயில் இல்லை. சுற்றுவட்டச் சிற்றூர்ச் சபைகள் பல சேர்ந்தது ஒரு சேகரம். அத்தனைக்கும் சேகர குரு ஒருவர்தான். அவரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்போம். ஞாயிறு விடியும் முன்பே ஓர் ஊரில் திருவிருந்து ஆராதனை, முடிந்த கையோடு அடுத்த ஊர், உச்சிக்குள் இன்னொன்று. ஐயரால் போக முடியாத ஊரை உபதேசியார் பார்த்துக்கொள்வார். மாட்டுவண்டியும் குதிரையும் சைக்கிளும் சுமந்த இந்த ஊழியத்தைப் பிறகு மோட்டார் சைக்கிள் சுமந்தது, இன்றும் சுமக்கிறது. ஆனால் வண்டி மாறிவிட்டது, பாதை மாறிவிட்டது. அந்த வண்டியில் ஏறி உட்காருகிறவர் கடவுளை நம்புகிற விதமும் மாறியிருக்கிறது. நம்பிக்கையே தேய்ந்துவிட்டது என்று பெரியவர்கள் பலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அன்றைய வண்டிகளைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1955-ல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட் திருவொற்றியூரிலிருந்து வந்தது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். டீகம்ப்ரசர் பிடியை அழுத்தி, ஆம்பியர் முள் நடுவில் வந்து நிற்கும் நேரம் பார்த்து உதைத்தால்தான் எடுக்கும். நேரம் தப்பினால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் வீங்கும். புல்லட்டுக்கு வசதியில்லாதவர்கள் ராஜ்தூத் வைத்திருந்தார்கள். உபதேசியாரின் கைக்கு எட்டியது 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50. பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். பிளக்கில் கரி அடைத்தால் நடுவழியில் நின்றுவிடும். பிளக் ஸ்பேனரும் ஒரு துண்டு உப்புத்தாளும் இல்லாமல் வண்டியை வெளியே எடுக்க மாட்டார்கள். பின்னால் கேரியரில் திருவிருந்துப் பெட்டி. உள்ளே கிண்ணம், அப்பத் தட்டு, திராட்சரசக் குப்பி. குப்பி உடையாமல் இருக்க வெள்ளை அங்கியையே மடித்து அதைச் சுற்றி வைப்பார்கள். பழைய சைக்கிள் டியூப்பை நீளவாக்கில் கிழித்த ரப்பர் பட்டையால் பெட்டியை இழுத்துக் கட்டுவார்கள். வழியில் இரண்டு தடவையாவது கையைப் பின்னால் விட்டுப் பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் யாரும் ஊர் போய்ச் சேர்ந்ததில்லை.

பாதையோ, பாதை என்று சொல்லும்படி இருக்காது. நாசரேத், சாத்தான்குளம், மெஞ்ஞானபுரம் சுற்றுப்புறத்தில் தேரி. சிவந்த மணல் மேடுகள். ஆடிக்காற்று எழுந்துவிட்டால் நேற்றுப் போன தடம் இன்று இருக்காது. மணலில் முன்சக்கரம் அலையும். பயந்து பிரேக்கைத் தொட்டவர் விழுவார், கைப்பிடியைத் தளரப் பிடித்துச் சீராக முறுக்கிக்கொண்டு போகிறவர் கரையேறுவார். வடக்கே கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கரிசல். ஐப்பசி மழையில் அந்த மண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் இறுகி, சக்கரத்தைச் சுற்றவிடாமல் பூட்டிவிடும். இறங்கி, குச்சியால் சுரண்டி, கொஞ்ச தூரம் தள்ளி, மறுபடி சுரண்ட வேண்டும். தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வண்டியையே பக்கவாட்டில் தள்ளும். அங்கே நேராகப் போக வேண்டுமானால் காற்று வரும் பக்கம் சாய்ந்துதான் ஓட்ட வேண்டும். வழிகாட்டிப் பலகை அபூர்வம். மெஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயத்தின் 192 அடிக் கோபுரம் பனைகளுக்கு மேலே தெரிந்தால் திசை சரி. தெரியாவிட்டால், எதிரே வருகிற பனையேறியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரவில் திரும்புவதுதான் பெரும்பாடு. டிவிஎஸ் 50-க்கு விளக்கு எரிய மின்சாரம் ஓடுகிற என்ஜினிலிருந்தே நேராக வரும். முறுக்கினால் பல்பு மஞ்சளாகப் பிரகாசிக்கும், விட்டால் செத்துப்போகும். இருட்டில் பள்ளம் போல ஏதோ தெரிகிறதே என்று வேகத்தைக் குறைத்தால், எந்த இடத்தில் வெளிச்சம் மிகவும் தேவையோ அந்த இடத்தில் வெளிச்சம் மங்கும். வண்டி நின்றால் முழு இருட்டு. நன்றாக எரியும்போதும் எட்டுவது இருபது முப்பது அடி. அந்த இருபது அடியைக் கடந்தால்தான் அடுத்த இருபது அடி தெரியும். 119-ஆம் சங்கீதம் கடவுளின் வசனத்தைக் காலுக்குத் தீபம் என்று சொல்வதை அந்தக் காலத்து உபதேசியார்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஊர் முழுவதையும் காட்டும் வெளிச்சத்தை அவர்கள் கேட்கவில்லை. காலடிக்கு மட்டும் கேட்டார்கள், அது கிடைத்தது.

புறப்படும்போது வாசலில் ஜெபம். 121-ஆம் சங்கீதம் பயணத்துக்குரிய சங்கீதமாக எங்கள் வீடுகளில் வழங்கி வருவது. அதை மனப்பாடமாகச் சொல்லி, அம்மா வண்டியின் கைப்பிடியில் கைவைத்து ஆமென் சொன்ன பிறகே கிக்கரில் கால் படும். புது வண்டி வாங்கினால் கோயில் வாசலில் நிறுத்தி ஐயரிடம் பிரதிஷ்டை ஜெபம். முன்னால் எபிநேசர் என்றோ யெகோவாயீரே என்றோ எழுத்து. பக்கத்து வீட்டு அண்ணாச்சி சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் குங்குமம் இடுவார். காயல்பட்டினத்து நண்பர் வண்டியில் 786 என்று எழுதுவார். வீட்டை விட்டுச் சாலைக்கு இறங்கும் அந்த நிமிடத்தில் எங்கள் ஊரில் சாமியைக் கூப்பிடாதவர் இல்லை. போனவர் ஊர் சேர்ந்தாரா என்பது திரும்பி வந்தால்தான் தெரியும். அதுவரை வாசல் விளக்கை அணைக்க மாட்டார்கள்.

இன்று? பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பரில் தொடங்கியது. அதன் பிறகு சிற்றூர்களுக்கெல்லாம் தார்ச்சாலை வந்துவிட்டது. மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்கு நான்குவழிச் சாலை. 2017 ஏப்ரலிலிருந்து வருகிற புது வண்டிகளில் என்ஜின் ஓடும்வரை, பகலிலும், முன்விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். பதறி பிரேக் பிடித்தாலும் சக்கரம் இறுகிச் சறுக்காது. இடது, வலது என்று கைப்பேசி சொல்கிறது. மழை எத்தனை மணிக்கு என்பதையும் சொல்கிறது. மகன் எந்த இடத்தில் போய்க்கொண்டிருக்கிறான் என்பது அம்மாவின் கையில் நீலப் புள்ளியாக நகர்கிறது.

அப்படியானால் வாசல் ஜெபம் எதற்கு? இந்தக் கேள்வியை இளைஞர்கள் கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். பாதை தெரியாததும் வண்டியை நம்ப முடியாததும் மட்டுமே ஜெபிக்கக் காரணமாக இருந்திருந்தால், நல்ல சாலை வந்த அன்றே ஜெபம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே அம்மாக்கள் இன்னும் ஜெபிக்கிறார்கள். புள்ளி அவன் இருக்கும் இடத்தைக் காட்டுகிறது. எதிரே வருகிற லாரியைக் காட்டவில்லை, அவன் மனதில் என்ன ஓடுகிறது என்பதையும் காட்டவில்லை.

அன்றைய நம்பிக்கையில் திருத்த வேண்டிய ஒன்றும் இருந்தது. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லித் தலையில் ஒன்றும் இல்லாமல் போனார்கள். தலைக்கவசம் மாட்டுவது அவிசுவாசம் என்று மனதாரச் சொன்ன பெரியவர்களும் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. ஆனாலும் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் அதைத் தலையில் ஏற்றியது, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு 2015 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பிறகுதான். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் தலைக்கவசம் அணியாத இருசக்கர வண்டிக்காரர்களும் பின்னால் உட்கார்ந்தவர்களும் மட்டும் 50,029 பேர். அத்தனை வீட்டிலும் யாரோ ஒருவர் ஜெபித்துத்தான் அனுப்பியிருப்பார். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதித்துப் பார், தூதர்கள் தாங்குவார்கள் என்று சோதனைக்காரன் சொன்னபோது இயேசு மறுத்துவிட்டதை மத்தேயு எழுதியிருக்கிறார். தலைக்கவசப் பட்டையைப் பூட்டாமல் கிளம்புவதும் அந்தக் குதித்தலோடு சேர்ந்ததுதான் என்பது என் உறுதியான கருத்து.

2023 டிசம்பர் 17, 18-ஐ எங்கள் மாவட்டத்தார் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை கடந்தது, குளங்கள் உடைந்தன, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோனது. பல ஊர்களில் கைப்பேசிக் கோபுரங்களும் செயலிழந்தன. அரிசிச் சிப்பத்தையும் பால் பொட்டலத்தையும் வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பிய இளைஞர்களுக்கு வரைபடம் உதவவில்லை. அது காட்டிய சாலை தண்ணீருக்கடியில் கிடந்தது. பழையபடி நின்று நின்று கேட்டுத்தான் போனார்கள்.

“அண்ணாச்சி, இந்தப் பாதை போவுமா?”

“போவாது தம்பி, அங்கன பாலம் கெடக்கா இல்லையான்னே தெரியல. கோயிலுக்குப் பின்னால மேட்டு வழியா சுத்திப் போங்க.”

முகம் தெரியாத அந்த அண்ணாச்சியின் வாயில் வந்த வார்த்தையை நம்பி வண்டியைத் திருப்பினார்கள். கடவுள் வழிநடத்துகிறார் என்று நாங்கள் சொல்வதை அந்த நாட்களில் நான் கண்ணால் பார்த்தேன். வானத்திலிருந்து குரல் ஏதும் வரவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஒரு மனிதர் கைகாட்டினார்.

இன்னொரு மாற்றம் என்னை இன்னும் அதிகம் யோசிக்க வைக்கிறது. அந்த உபதேசியார்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் முதுகில் பெட்டியோடு உணவு கொண்டுபோகிறார்கள். முந்தின தலைமுறையைவிட அதிக நேரம் வண்டியில் இருப்பவர்கள் இவர்கள்தான். கைப்பேசி இவர்களுக்கு எல்லாவற்றையும் சொல்கிறது: எந்தக் கடை, எந்தத் தெரு, எத்தனை நிமிடம். நில் என்று மட்டும் சொல்வதில்லை. எண்ணாகமம் 9-ஆம் அதிகாரத்தில் மேகம் எழும்பினால் இஸ்ரவேலர் புறப்படுகிறார்கள், தங்கினால் பாளயமிறங்குகிறார்கள். அது இரண்டு நாளானாலும் சரி, ஒரு மாதமானாலும் சரி, ஒரு வருடமானாலும் சரி. நிற்கச் சொன்னதும் வழிநடத்துதல்தான் என்பதை அந்த அதிகாரம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. கொட்டுகிற மழையில், தூக்கம் சொக்குகிற நள்ளிரவில், இந்த ஒரு ஆர்டர் போனால் போகட்டும் என்று ஓரமாக நிறுத்துவதற்கு ஒருவனுக்குத் தைரியம் வேண்டும். வாடகையும் தவணையும் கழுத்தை நெரிக்கும்போது, நாளைக்கும் எனக்கு ஆகாரம் உண்டு என்று நம்பினால்தான் அந்தத் தைரியம் வரும். தேரி மணலில் தாத்தாவுக்கு வேண்டியிருந்த நம்பிக்கையைவிட இது கடினமானது என்றே நினைக்கிறேன். தாத்தாவை நிறுத்த மணலும் பிளக்கும் இருந்தன. பேரன் தானாக நிற்க வேண்டியிருக்கிறது.

விழுந்தவரைத் தூக்குவதிலும் நாடு மாறியிருக்கிறது. முன்பு சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடந்தால், தொட்டவன் தலையில் வழக்கு விழும் என்று பயந்து கடந்து போனவர்கள் அதிகம். லூக்கா எழுதிய உவமையில் ஆசாரியனும் லேவியனும் விலகிப் போனதுபோல நல்லவர்களும் விலகிப் போனார்கள். தமிழ்நாட்டில் 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவும் அரசுத் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. உதவி செய்பவரைக் காக்க உச்ச நீதிமன்றம் 2016-ல் வழிகாட்டுதல்களுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவில் அப்படி உதவுகிறவருக்கு நல்ல சமாரியன் என்றே பெயர் சூட்டியது. ஓர் உவமையின் பெயர் இந்தியச் சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது.

ஆகவே இதை வாசிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜெபித்துவிட்டுக் கிளம்புங்கள், தலைக்கவசப் பட்டையைப் பூட்டிக்கொண்டு கிளம்புங்கள். உங்களை வழிநடத்தும்படி கேட்ட கடவுள் வழியில் ஒருவரை உங்கள் கண்முன் காட்டினால் வண்டியை நிறுத்துங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை கூட இருங்கள். உங்கள் பெயரையோ முகவரியையோ சொல்லும்படி போலீஸும் ஆஸ்பத்திரியும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. 2020-ல் வந்த விதிகளில் அது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது.