மழை ஓய்ந்த பின் உருளும் பாறைகள்

திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் இரண்டாவது மலைப்பாதையில், 2021 டிசம்பர் 1-ஆம் நாள் காலை, பெரும் பாறைகள் உருண்டு விழுந்து சாலையைச் சில இடங்களில் உடைத்தன. ஏறிக்கொண்டிருந்த யாத்திரிகர் பஸ் ஒன்று மயிரிழையில் தப்பியது. அன்றைய சித்தூர் மாவட்டத்தை வெள்ளக்காடாக்கிய பெருமழையோ நவம்பரிலேயே பெய்திருந்தது.

சேஷாசலத்தின் செங்குத்து முகப்புகள் குவார்ட்ஸைட் என்னும் பாறையாலானவை. அதன் அடியில், அதனினும் பல கோடி ஆண்டுகள் மூத்த கருங்கல் கிடக்கிறது. குவார்ட்ஸைட் மிகக் கடினமானது. ஆயினும் வெடிப்புகளால் பாளம் பாளமாகப் பிரிந்துள்ளது. வெடிப்பில் புகும் மழைநீர் பாளத்தைப் பின்னிருந்து தள்ளுகிறது. இடையிலுள்ள களிமண்ணை இளக்குகிறது. உள்ளே தேங்கிய நீர் உடனே வடிவதில்லை. எனவே, வானம் வெளுத்துவிட்டது என்பதைக்கொண்டு பாதையைத் திறந்துவிடுதல் தகாது.

இமயத்தின் பனிச் சாய்வுகளிலும் இத்தகைய நிலைமை உண்டு. அங்கே நீரின் வேலையைக் காற்று செய்கிறது. காற்று வீசும் பக்கத்திலிருந்து வாரப்பட்ட பனி, மலைமுகட்டைத் தாண்டி மறுபக்கச் சாய்வில் குவிந்து, இறுகிய பலகைபோல் படிகிறது. அப்பலகைக்கு அடியில் சர்க்கரைபோன்ற உதிரிப்பனி இருப்பின், ஒரு மனிதன் கால் வைத்தாலே சாய்வு முழுவதும் பெயர்ந்துவிடக்கூடும். பெரும்பாலான பலகைச் சரிவுகள் 30 முதல் 45 பாகை வரையுள்ள சாய்வுகளில் நிகழ்கின்றன. பனி பொழியாத தெளிந்த நாளிலும் காற்று இவ்வாறு சுமையேற்றிக்கொண்டே இருக்கும். காலடியிலிருந்து வெடிப்பு ஓடுதலும், ‘தொம்’மென்ற அடங்கிய ஒலியும் உடனே விலகிச்செல்ல வேண்டியதற்கு அறிகுறிகள். ஐயமிருப்பின், அபாயமற்ற இடத்தில், அதே திசை நோக்கிய சிறு சாய்வொன்றில் குழி தோண்டி அடுக்குகளைப் பார்ப்பது வழக்கம்.

திருமலையில் குழி தோண்ட இயலாது. வெடிப்பையே அளக்க வேண்டும். அதன் இருபுறமும் வர்ணப் புள்ளி இட்டு, இடைவெளியை மழைக்காலத்தில் நாள்தோறும் அளந்து குறித்தல் எளிய முறை. வறண்டிருந்த வெடிப்பில் கலங்கல் நீர் கசிவதும், மரங்கள் புதிதாகச் சாய்வதும், சிறு கற்கள் அடிக்கடி உதிர்வதும் குறிப்பேட்டில் ஏறவேண்டியவை. இடைவெளி அகன்றிருந்தால், அளப்பவர் அப்பாளத்தின் கீழே நில்லாமல், மேற்பார்வையாளருக்குச் செய்தி அனுப்பிப் போக்குவரத்தை நிறுத்தச் செய்தல் வேண்டும்.