லாபம், இரண்டு, மூன்று...

சேர்வராயன் மலையடிவாரத்து ஊர் பொம்மிடி. சென்னையிலிருந்து சேலத்துக்கு ரயிலில் போகிறவர்கள் ஜோலார்பேட்டைக்கு அப்பால் அதைப் பார்த்திருப்பார்கள். அது இருக்கும் தருமபுரி மாவட்டத்தில் புளி ஒரு முக்கியமான சரக்கு. காயை உலுக்கி, ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டை எடுப்பதற்குள் எத்தனை பெண்களுக்குக் கூலி! கொட்டையும் வீணாவதில்லை, அதன் மாவு நெசவு நூலுக்குக் கஞ்சியாகிறது.

இந்த வியாபாரத்துக்கெல்லாம் முதல் போட்டவர்கள் நம் பாட்டன்மார்கள். சாலைகளை அகலப்படுத்தும்போது தமிழ்நாடெங்கும் பழைய புளிய மரங்கள் சாய்ந்துவிட்டன. கிடங்கு காலியாகுமுன் சரக்குப் பிடிக்கத் தெரிந்த வியாபாரி, இதற்கு மட்டும் முன்யோசனை செய்ய வேண்டாமா?

"நான் சின்னக் கடைக்காரன், என்னால் என்ன ஆகும்?" என்று கேட்கலாம். திருப்பூரைப் பாருங்கள். சாயக் கழிவால் நொய்யல் கெட்டு, 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்ன ஊர். அங்கேதான் 2015-இல் 'வெற்றி' அமைப்பு 'வனத்துக்குள் திருப்பூர்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. தொழில் செய்கிறவர்கள் பணம் கொடுத்தார்கள். விவசாயிகளுக்குக் கன்று இலவசம். ஆனால் நிலத்தில் வேலியும் தண்ணீரும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. லட்சக்கணக்கில் கன்றுகள் நடப்பட்டன.

விஷயமே அந்த நிபந்தனையில்தான் இருக்கிறது. கன்று நடுவது சுலபம். மாலை, போட்டோ, கைதட்டல் எல்லாம் முடிந்ததும் ஆடு வந்து மிச்சத்தை முடித்துவிடும். 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தில் 33 சதவிகிதப் பரப்பு காடும் மரமுமாக வேண்டும் என்கிறது. நட்டவை பிழைத்தால்தானே அது நடக்கும்!

ஆகவே சிறு வியாபாரி ஆயிரம் கன்று நட வேண்டாம், பத்து போதும். தமக்குப் புளி கொடுக்கும் விவசாயியின் நிலத்தில், முப்பதடிக்கு ஒன்றாக, மழைக்காலத்துக்கு முன் நடட்டும். முள்வேலிக்கும், இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் கூலிக்கும் கடைக் கணக்கில் ஒரு பற்று எழுதட்டும். ஒட்டுக்கன்று நாலைந்து ஆண்டில் காய்க்கும். விதைக்கன்றுக்கு எட்டுப் பத்து ஆண்டு பொறுக்க வேண்டும். பிறகு தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கும்.

படியால் அளக்கும்போது நம் வியாபாரிகள் 'ஒன்று' என்பதில்லை; 'லாபம்' என்றுதான் தொடங்குவார்கள். கன்றையும் அப்படியே எண்ணலாம். ஆனால் நட்ட அன்று எண்ண வேண்டாம். இரண்டாவது கோடை கழியட்டும்.