கிண்ணத்துல கலர் கலக்குறதுக்கு முன்னாடி

கடையில ஒரு ஹேர் கலர் பாக்கெட் வாங்கி வீட்டுலயே போட்டா சில நூறு ரூபாயில வேலை முடிஞ்சிடும். ஒரு நல்ல சலூன்ல போட்டா பில் ஆயிரக்கணக்குல வரும். ரெண்டு இடத்துலயும் அடிப்படை ரசாயனம் ஏறக்குறைய ஒண்ணுதான். அப்போ அந்தக் கூடுதல் பணம் எதுக்கு? ஏசிக்கும் கண்ணாடிக்கும்னு சிலர் சொல்வாங்க, சிந்தாம சிதறாம பூசுற கைக்குன்னு சிலர் சொல்வாங்க. என் கணக்குப்படி, பிரஷ்ஷைத் தொடுறதுக்கு முன்னாடி அந்தத் தலையைப் பார்த்து எடுக்கிற முடிவுக்குத்தான் அந்தப் பணம். எந்த ஷேடு, எவ்வளவு வீரியமான டெவலப்பர், வேர்ல எப்போ, நுனியில எப்போ, எல்லாத்துக்கும் மேல இன்னிக்குப் போடலாமா கூடாதா. இதைத் தீர்மானிக்கத் தெரிஞ்சவரைத்தான் பயிற்சி பெற்றவர்னு சொல்றேன்.

முடிக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா இது விளங்கும். நிரந்தரக் கலர்ல ரெண்டு பொருளைக் கலக்குறோம். ஒண்ணு கலர் க்ரீம், இன்னொண்ணு டெவலப்பர். க்ரீம்ல இருக்கிற அம்மோனியா, முடியோட மேல்செதில்களைத் திறந்துவிடும். டெவலப்பர்ங்கிறது ஹைட்ரஜன் பெராக்சைடு. அது உள்ளே போய் நம்ம சொந்த நிறமான மெலனினைக் கொஞ்சம் சிதைக்கும், அதே நேரத்துல சின்னச் சின்ன சாய மூலக்கூறுகளை ஒண்ணோட ஒண்ணு சேர்த்துப் பெரிசாக்கிடும். பெரிசானது வெளியே வர முடியாம உள்ளேயே தங்கிடுது, அதனாலதான் குளிச்சா போறதில்ல. டெவலப்பர்ல 3, 6, 9, 12 சதவீதம்னு வீரியம் உண்டு. சலூன்ல இதையே 10, 20, 30, 40 வால்யூம்னு சொல்வாங்க. நரையை மறைக்கப் பெரும்பாலும் 6 போதும். நிறத்தைத் தூக்க, அதாவது வெளிராக்க, அதுக்கு மேலே போகணும். ஆனா 12 சதவீதத்தைத் தலைத்தோல்ல படும்படி போட்டா தோல் எரிஞ்சு புண்ணாகிற ஆபத்து உண்டு.

இதுல நம்ம முடிக்குன்னு ஒரு தனிச் சிக்கல் இருக்கு. கலர் தொழில்ல முடியோட நிற அடர்த்தியை 1 முதல் 10 வரை அளப்பாங்க. 1 கருங்கறுப்பு, 10 ரொம்ப வெளிர் பொன்னிறம். நம்மள்ல பெரும்பாலானவங்க 1, 2, மிஞ்சினா 3. பெட்டி மேல இருக்கிற படத்துல அழகான சாம்பல் பழுப்பு தெரியும். அதை நம்ம கறுப்பு முடியில நேரா போட்டா, வெயில்ல நின்னா லேசா ஒரு மினுக்கம், அவ்வளவுதான். வெளுக்காத கறுப்புத் துணியை மஞ்சள் சாயத்துல முக்கி எடுக்கிற மாதிரிதான். அந்தப் பழுப்பு வேணும்னா முதல்ல ப்ளீச் பண்ணணும். கறுப்பு முடி வெளுக்கும்போது நேரா பொன்னிறத்துக்குப் போகாது. சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள்னு படிப்படியாத்தான் போகும். வீட்டுல பண்றவங்க பெரும்பாலும் அந்தச் செம்மஞ்சள் படியில மாட்டிக்கிட்டு, இன்னும் அரைமணி நேரம் வச்சா சரியாயிடும்னு ப்ளீச்சை அப்படியே விட்டுடுறாங்க. முடி இழுத்தா ரப்பர் மாதிரி நீண்டு அறுந்துபோறது அப்போதான். தொழில் தெரிஞ்சவர் எந்தப் படியில நிறுத்தணும்னு பார்ப்பார். செம்மஞ்சளை அடக்க நீலச் சாயல், மஞ்சளை அடக்க ஊதாச் சாயல்னு டோனர் போட்டு அங்கிருந்தே நிறத்தைத் திருப்புவார். முடி தாங்காதுன்னா ரெண்டு மூணு வருகையாப் பிரிப்பார்.

இன்னொரு விஷயம், ஒரே தலையில இருக்கிற முடி எல்லாம் ஒரே முடி இல்ல. முடி மாசத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளருது. இடுப்பு வரைக்கும் இருக்கிற கூந்தல்ல வேர்ப்பக்கம் போன மாசம் வந்தது, நுனி அஞ்சாறு வருஷம் வெயிலும் உப்புத் தண்ணியும் ஸ்ட்ரெய்ட்டனரும் பார்த்தது. வேர்ல உடம்புச் சூடு இருக்கிறதால அங்கே ரசாயனம் சீக்கிரம் வேலை செய்யும். நுனி சேதமாகி இருக்கிறதால சாயத்தை அளவுக்கு மீறி உறிஞ்சும். நிறத்தைத் தூக்கும்போது நடுப்பகுதியில முதல்ல போட்டு வேருக்குக் கடைசியில வர்றது இதனாலதான். வேர்ல இருந்து ஒரே இழுப்பா இழுத்தா, மேலே ஆரஞ்சு, நடுவுல கறுப்பு, கீழே மங்கல்னு மூணு பட்டையா நிக்கும். ஏற்கெனவே டை அடிச்ச கறுப்பு மேல பழுப்பு டை போட்டா வெளுக்கவே வெளுக்காது, ஏன்னா கலரால கலரைத் தூக்க முடியாது. இதெல்லாம் அந்த முடியோட பழைய கதையைக் கேட்டாத்தான் தெரியும்.

நிறம் தப்பாப் போனா முடி வளர்ந்ததும் வெட்டிக்கலாம். ஒவ்வாமை அப்படி இல்ல. பெரும்பாலான அடர் நிற டைகள்ல பாராஃபினைலின்டயமின், சுருக்கமா பிபிடின்னு ஒரு பொருள் இருக்கு. அமெரிக்கத் தொடுதோலழற்சி மருத்துவர் சங்கம் 2006ல அந்த வருஷத்தோட ஒவ்வாமைப் பொருளா அறிவிச்சது இதைத்தான். சிலருக்கு முகம் வீங்கி, கண் திறக்க முடியாம, தலையெல்லாம் கொப்புளிச்சு ஆஸ்பத்திரிக்குப் போற நிலை வரும். பத்து வருஷமா போடுறேன் ஒண்ணும் ஆகலைன்னு சொல்றது இங்கே செல்லாது. உடம்பு இந்தப் பொருளைத் திரும்பத் திரும்பச் சந்திச்சுத்தான் அதுக்கு எதிரா மாறுது. பத்து வருஷம் தாங்கின உடம்பு பதினோராவது வருஷம் தாங்காமப் போகலாம். அதனாலதான் காதுக்குப் பின்னாடியோ முழங்கை மடிப்புலயோ கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்க்கிற பேட்ச் டெஸ்ட்டை ஒவ்வொரு தடவையும் பண்ணணும். 1930கள்ல அமெரிக்காவுல லாஷ் லூர்னு ஒரு இமைச் சாயம் வந்தது. அதுல இருந்தது இதே வகைப் பொருள். பல பெண்களுக்குக் கண் பாதிச்சது, சிலருக்குப் பார்வை போச்சு, ஒருத்தர் இறந்தே போனாங்க. அங்கே 1938ல வந்த உணவு, மருந்து, அழகுசாதனச் சட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம். நம்ம நாட்டு விதிகளும் இந்த டைகள் மேல, முன்கூட்டியே சோதனை பண்ணுங்க, இமைக்கும் புருவத்துக்கும் போடாதீங்க, பார்வை போகலாம்னு எச்சரிக்கை அச்சிடச் சொல்லுது. மீசைக்கு அடிச்ச மிச்சத்தைப் புருவத்துல இழுத்துவிடுறவங்க தயவுசெஞ்சு அந்தப் பொடி எழுத்தை ஒரு தடவை படிங்க.

அம்மோனியா இல்லாத டை வாங்குறோம், இயற்கை மருதாணிதான் போடுறோம், எங்களுக்கு என்னன்னு கேட்பீங்க. அம்மோனியா இல்லைன்னா பிபிடியும் இல்லைன்னு அர்த்தம் ஆகாது. அம்மோனியாவுக்குப் பதிலா வேற காரப் பொருளைப் போட்டிருப்பாங்க, நெடி குறையும், சாயம் பெரும்பாலும் அதேதான். சுத்தமான மருதாணி இலை செம்மஞ்சள் நிறம் மட்டும்தான் கொடுக்கும். அதோட அவுரி சேர்த்தா கறுப்பு வரும், அதுக்குப் பொறுமை வேணும். அரைமணி நேரத்துல கருகருன்னு ஆகிற கறுப்பு மருதாணிப் பொடின்னா சந்தேகப்படணும், அதுல பெரும்பாலும் பிபிடிதான் இருக்கும். சில பொடிகள்ல உலோக உப்பு இருக்கும். அந்த முடி மேல பெராக்சைடு பட்டா சூடேறி முடியே கருகலாம். தொழில் தெரிஞ்சவர் கடைசியா தலைக்கு என்ன போட்டீங்க, எப்போ போட்டீங்கன்னு விடாம கேட்கிறதும், நாலு இழையை வெட்டிச் சோதிச்சுப் பார்க்கிறதும் இதுக்காகத்தான்.

அப்போ எல்லாரும் சலூனுக்கு ஓடணுமான்னா, அப்படிச் சொல்ல மாட்டேன். நரைச்ச வேரை அதே கறுப்பு, அதே அடர்பழுப்பால மாசாமாசம் மறைக்கிறவங்க, பேட்ச் டெஸ்ட் பண்ணி, வேருக்கு மட்டும் போட்டு, சொன்ன நேரத்துல கழுவினா வீட்டுலயே தாராளமா பண்ணலாம். அங்கே எடுக்க வேண்டிய முடிவு குறைவு. ப்ளீச், ஹைலைட்ஸ், பழைய டையை எடுக்கிறது, ஏற்கெனவே ஸ்ட்ரெய்ட்டனிங் பண்ணின முடி, இந்த நாலுல எது வந்தாலும் தொழில்காரர் கட்டாயம் வேணும்.

பெரிய பார்லர்லயே முடியைக் கருக்கிட்டாங்களேங்கிறதுதான் எனக்கு ரொம்பக் கனமாப் படுற எதிர்வாதம். நடக்குது, மறுக்கவே முடியாது. ஜெர்மனியில முடிதிருத்தும் தொழிலுக்கு மூணு வருஷப் பயிற்சி இருக்கு. இங்கே ஐடிஐயில அழகுக்கலைப் படிப்பு இருக்கு, திறன் மேம்பாட்டுத் திட்டங்கள்ல சான்றிதழ் இருக்கு, ஆனா அதை முடிச்சவர்தான் கலர் போடணும்னு கட்டாயம் இல்ல. பில் தொகையைப் பார்த்தோ உள்அலங்காரத்தைப் பார்த்தோ பயிற்சியை அளக்க முடியாது. தலைமுறை தலைமுறையா முடிதிருத்துறவங்களோட சின்னக் கடையில, கம்பெனிப் பயிற்சிக்குப் போய் வந்த ஒருத்தர் பெரிய பார்லரைவிட நிதானமா பண்ணலாம். அவங்க கையில இருக்கிற அனுபவத்தை நம்ம சமூகம் ரொம்ப நாளா மதிக்காமலே இருந்திருக்கு. முறையான ரசாயனப் பயிற்சி முதல்ல போய்ச் சேர வேண்டியது அந்தக் கடைகளுக்குத்தான்.

அவங்க உடம்புக்கும் அது தேவை. உலகச் சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2010ல வெளியிட்ட அறிக்கை, வீட்டுல டை போட்டுக்கிறவங்களைப் பத்தி முடிவு சொல்லப் போதுமான ஆதாரம் இல்லைன்னு சொல்லிட்டு, முடிதிருத்தும் தொழில்ல இருக்கிறவங்களுக்கு ஏற்படுற ரசாயனத் தொடர்பைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதா இருக்க வாய்ப்பு அதிகம்கிற பிரிவுல வச்சது. ப்ளீச் பொடியில இருக்கிற பெர்சல்ஃபேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும்னும் தெரியும். கையுறை போடுறது, காத்தோட்டம் பார்க்கிறது, பொடி பறக்காம கலக்குறது எல்லாம் பயிற்சியோட பாகம்.

கடையைத் தேர்ந்தெடுக்கும்போது ரெண்டு நாள் முன்னாடியே போங்க. பேட்ச் டெஸ்ட் பண்ணுவீங்களான்னு கேளுங்க. உங்க முடிக்கு இதுக்கு முன்னாடி என்னென்ன செஞ்சீங்கன்னு அவங்க கேட்கிறாங்களான்னு கவனிங்க. கலக்குறவர் கையில கையுறை இருக்கான்னு பாருங்க. அதெல்லாம் எதுக்கு, உட்காருங்க, ஒரு மணி நேரத்துல முடிச்சிடலாம்னு பதில் வந்தா, அடுத்த கடையைப் பாருங்க.