முன்பணமும் தொழிலாளர் உரிமையும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் தொழிற்சாலைகளில் வேலை கிடைத்து வெளிமாவட்டங்களிலிருந்து வருவோர், முதல் மாத ஊதியத்தைக் காணும் முன்பே தங்குமிடத்துக்கு முன்பணம் கட்ட வேண்டியிருக்கிறது. சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். ஒப்பந்தத் தொழிலாளரின் பணியோ சில மாதங்களில் முடிந்துவிடலாம். வெள்ளையடிப்பு, பராமரிப்பு என்று கழித்தது போக மிச்சம் எவ்வளவு திரும்பும் என்பது உரிமையாளரின் மனத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது.

வீட்டு வாடகைக்குத் தனிச் சட்டம் உண்டு. 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும். ஆனால், 'மாறான உடன்பாடு இருந்தாலன்றி' என்னும் சொற்களுடன்தான் அந்த வரம்பு தொடங்குகிறது. வீடு தேடி அலைபவர் நீட்டிய தாளில் கையெழுத்திடுவார்; அந்த ஒரு கையெழுத்தில் வரம்பு அடிபட்டுப் போகிறது. மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டமோ, குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகையே உச்சவரம்பு என்று விலக்கின்றிச் சொல்கிறது.

படுக்கைக்கும் உணவுக்கும் பணம் வாங்கும் தனியார் விடுதிகளின் நிலை வேறு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், உணவும் உறைவிடமும் அளிப்பதைச் 'சேவை' என வரையறுக்கிறது. மிகையான காப்புத்தொகை கேட்கும் ஒப்பந்தத்தை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்றும் குறிப்பிடுகிறது. அத்தகைய ஒப்பந்தத்தை எதிர்க்க மாநில ஆணையத்தை அணுக வேண்டும். முன்பணத்தைத் திருப்பித் தராத சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட ஆணையமே போதும். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணமில்லை. வேலையை விட்டுச் சொந்த ஊர் திரும்பியவர் அந்த மாவட்டத்திலேயே புகார் அளிக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இந்த உரிமைகள் அனைத்தும் ஒரு துண்டுக் காகிதத்தில்தான் நிற்கின்றன. முன்பணத்துக்கு ரசீது வாங்குங்கள். ரொக்கத்தைத் தவிர்த்து வங்கி வழியாகச் செலுத்துங்கள். எதற்கு எவ்வளவு கழிக்கப்படும் என்பதை நுழையும்போதே எழுதி வாங்குங்கள் என்பதே புதிதாக வருவோருக்கு நான் கூற விரும்புவது.

அரசுக்கும் பொறுப்புண்டு. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெண் தொழிலாளர் விடுதியை 2024 ஆகஸ்டில் அரசு திறந்தது பாராட்டத்தக்கது. ஆயினும் தனியார் இடங்களை நம்பியிருப்போர் ஏராளம். மகளிர் விடுதிகளுக்கு 2014-ஆம் ஆண்டின் சட்டப்படி உரிமம் கட்டாயம். முன்பண வரம்பையும் திருப்பித் தரும் காலக்கெடுவையும் அந்த உரிமத்தின் நிபந்தனைகளாக்கலாம். வாடகைச் சட்டத்தின் அந்த விலக்கையும் நீக்க வேண்டும். பேரம் பேசும் வலிமை இல்லாதவரிடம் பெறும் சம்மதத்தை உடன்பாடு என்று சட்டம் ஏற்பது முறையாகாது.