பழைய 'மலை சைக்கிள்' வாங்கப் போகிறீர்களா? பிரேம் நம்பரைப் பாருங்கள்!

2 ஆயிரம் ரூபாய்க்கு கியர் சைக்கிள்!

கேட்டதும் யாருக்கும் ஆசை வரும். ரெயில் நிலையம் வரை ஷேர் ஆட்டோவுக்கு தினமும் அழுகிற காசை நினைத்தால் ஆசை இரண்டு மடங்காகும். ஆனால் அவசரப்பட்டால் சைக்கிளோடு வம்பும் சேர்ந்து வீட்டுக்கு வரும். உஷார்!

சென்னையில் மூர் மார்க்கெட் 1985-ல் தீயில் எரிந்து போனது. பழைய சாமான் வாங்கும் ஆசை மட்டும் எரியவில்லை. தெருமுனை காயலான் கடையிலும், அடுக்குமாடி வீட்டு மாடிப்படிக்குக் கீழேயும் பழைய ஹெர்குலஸ் எம்.டி.பி., ஹீரோ ரேஞ்சர் வண்டிகள் தூசி படிந்து கிடக்கின்றன. தடி டயர், நேரான ஹேண்டில்பார். ஒரு காலத்தில் பையன்கள் அப்பாவிடம் அடம் பிடித்து வாங்கிய வண்டிகள். இந்த ரகத்துக்குத்தான் 'மலை சைக்கிள்' என்று பெயர்.

பிறந்ததே பழைய சாமானில்!

வேடிக்கை என்னவென்றால், இந்த சைக்கிள் பிறந்ததே பழைய சரக்கில் இருந்துதான். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் மரின் என்று ஒரு மாவட்டம். 1970-களில் அங்கே சில இளைஞர்கள், 1930, 40-களில் செய்த கனமான 'ஷ்வின்' சைக்கிள்களை சல்லிசாக வாங்கினார்கள். தட்டிக்கொட்டி மலைச்சரிவில் ஓட்டினார்கள். 1976-ல் பந்தயமே வைத்துவிட்டார்கள்.

அந்த இறக்கத்தில் பின்சக்கர பிரேக் சூடேறி, உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர்! பிறகு 1981-ல் 'ஸ்பெஷலைஸ்டு' கம்பெனி 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற மலை சைக்கிளை மொத்தமாகச் செய்து கடைக்குக் கொண்டுவந்தது.

ஆகவே பழசைத் தேற்றி ஓட்டுவது ஒன்றும் கவுரவக் குறைச்சல் இல்லை. எதைத் தேற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்தால் போதும்.

கவிழ்த்துப் பாருங்கள்

"எல்லாம் கண்டிஷன் சார், சும்மா நிக்கிற வண்டி" என்பார் விற்கிறவர். காதில் வாங்காதீர்கள். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்கள்.

பெடல் அச்சு போகிற இடத்தையும், ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேருகிற இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். விரிசல் இருக்கிறதா? பெயிண்ட் சுருங்கி இருக்கிறதா? முன் போர்க் பின்பக்கமாக வளைந்திருக்கிறதா? இருந்தால் அது எங்கேயோ இடித்த வண்டி. சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

கடற்கரை ஊரில் மேல்துரு சகஜம். தேய்த்தால் போய்விடும். ஆனால் சீட் கம்பி துருப்பிடித்து குழாயோடு ஒட்டிக்கொண்டால் தொல்லை. உங்கள் உயரத்துக்கு ஏற்ற முடியாது, இறக்க முடியாது. அதை அசைத்துப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.

இரண்டு '26'

டயர் வாங்கும்போது பலர் ஏமாறுவது இங்கேதான். மலை சைக்கிளுக்கும் 26 இஞ்ச் டயர். பல லேடீஸ் சைக்கிளுக்கும் 26 இஞ்ச் டயர். ஆனால் ஒன்று மற்றொன்றுக்குச் சேராது!

மலை சைக்கிள் டயரில் 26 x 1.75, 26 x 1.95 என்று புள்ளி வைத்துப் போட்டிருக்கும். மற்றதில் 26 x 1 3/8 என்று பின்னத்தில் இருக்கும். முதல் ரகத்தில் ரிம் அளவு 559 மில்லி மீட்டர். இரண்டாவதில் 590. பழைய டயரையே கடைக்கு எடுத்துப் போங்கள். தகராறு இல்லை.

பணத்தை எங்கே போடுவது?

பெயிண்டில் அல்ல. முதல் செலவு பிரேக்குக்கு. பிரேக் கட்டை, பிரேக் கேபிள் எல்லாம் புதுசு போடுங்கள். விலை குறைந்த பழைய வண்டிகளில் பெரும்பாலும் இரும்பு ரிம்தான். மழையில் நனைந்தால் இரும்பு ரிம்மில் பிரேக் சரியாகப் பிடிக்காது. முன்னால் பஸ் நிற்கும். உங்கள் வண்டி நிற்காது! மழை நாளில் மெதுவாகப் போவதுதான் உயிருக்கு நல்லது.

அடுத்தது செயின். ஒரு பின்னில் ஸ்கேலை வைத்து 24 கண்ணி எண்ணுங்கள். புதுச் செயின் என்றால் சரியாக 12 இஞ்ச் இருக்கும். ஒரு இஞ்சில் 16-ல் ஒரு பாகம் கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். 8-ல் ஒரு பாகம் கூடியிருந்தால் பிரீவீலும் தேய்ந்திருக்கும். அதற்கும் சேர்த்து விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கடைசியாக ஒரு ஓவராயில். அச்சுகளைப் பிரித்து, பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்து, ரிம்மில் கோட்டம் எடுத்தால் வண்டி தயார்.

திருட்டு சைக்கிளா?

இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். சைக்கிளுக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது. பூட்டை உடைத்துத் தள்ளிக்கொண்டு வரும் ஆசாமிகளுக்கு அதுதான் வசதி. பாதி விலைக்குத் தள்ளிவிட்டுக் கம்பி நீட்டிவிடுவார்கள். மாட்டிக்கொள்வது யார்? வாங்கியவர்!

திருட்டுச் சொத்து என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ, நாணயமில்லாமல் அதை வாங்கினால் 3 ஆண்டு வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். முன்பு இது இந்திய தண்டனைச் சட்டம் 411-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதா 317-வது பிரிவு. தெரியாமல் வாங்கிய அப்பாவியாக இருந்தாலும், சொந்தக்காரர் வந்து அடையாளம் காட்டினால் வண்டி போச்சு. கொடுத்த பணமும் போச்சு.

தப்பிக்க வழி உண்டு. பெடல் அச்சுக்கு அடியிலோ, சீட் குழாயிலோ பிரேம் நம்பர் குத்தியிருக்கும். அதை அரம் போட்டு ராவியிருந்தால் அந்த இடத்தை விட்டு நடையைக் கட்டுங்கள். நம்பர் இருந்தால் ஒரு சீட்டில் எழுதுங்கள். தேதி, விலை, விற்கிறவர் பெயர், முகவரி, போன் நம்பர், கையெழுத்து எல்லாம் வாங்குங்கள். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையானவர் கோபப்பட மாட்டார். முகம் மாறினால் வண்டியும் வேண்டாம், பேரமும் வேண்டாம்.

அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு உங்கள் சைக்கிளையே எவனாவது தள்ளிக்கொண்டு போனால், போலீசில் புகார் எழுதும்போது கை கொடுப்பது அந்த நம்பர்தான்!